மூன்றாம் வகுப்பு மீத்திறன் மாணவன்: பாடத்தில் முன்னே, மனத்தளவில் தனியே

கேள்வி: கொழிஞ்சாம்பாறை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே உள்ள ஒரு தமிழ்வழி எல்.பி. (தொடக்கப்) பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள். பெரும்பாலோரின் பெற்றோர் தென்னந்தோப்புகளிலும் கடலைக் காடுகளிலும் கூலி வேலை செய்பவர்கள். சிலர் அன்றாடம் வேலந்தாவளம் சோதனைச்சாவடியைக் கடந்து கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் வருபவர்கள். அந்தப் பத்தொன்பது பேரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றித்தான் உங்களிடம் கேட்க வந்திருக்கிறேன்.

பாடத்தில் அவனுக்கு என் உதவி தேவைப்படுவதில்லை. பள்ளியில் சேரும் முன்பே பேருந்துப் பலகைகளைப் பார்த்துத் தமிழும் மலையாளமும் படிக்கக் கற்றுக்கொண்டவன். சென்ற ஆண்டு கழித்தல் நடத்தும்போது, எல்லோரும் சொல்வதுபோல் நானும் "மூன்றிலிருந்து ஐந்து போகாது" என்று சொன்னேன். அவன் எழுந்து நின்று, "போகும் டீச்சர், இரண்டு கடன் நிற்கும். எங்கள் அப்பா கடைப் பற்றில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்றான். குறை எண்களை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. இரண்டு வாரங்களுக்கு முன் சொல்வதெழுதலில் 'நாற்காலி' என்ற சொல்லில் வல்லின றகரத்துக்குப் பதிலாக இடையின ரகரம் போட்டுவிட்டான். பத்துச் சொற்களில் அந்த ஒன்றுதான் தவறு. நான் வட்டமிட்டுக் கொடுத்த நோட்டை வாங்கிப் போய், ரப்பரால் அந்த எழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தாள் ஓட்டையாகும்வரை தேய்த்தான். பிறகு அந்தப் பக்கத்தையே கிழித்து, விரல்நகம் அளவுக்கு மடித்து, கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அன்று முட்டை போடும் நாள். முட்டையையும் தொடவில்லை, சோற்றையும் தொடவில்லை. மாலையில் என்னிடம் வந்து, "அந்தப் பக்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா டீச்சர்?" என்று கேட்டான்.

விளையாட்டு மைதானத்தில் நிலைமை இன்னும் கடினம். கோலி ஆடும்போது விதிகளைத் திருத்துகிறான். அவன் சொல்லும் விதிகள் நியாயமானவைதாம், ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு ஆட்டம் தடைபடுகிறது. அதனால் சேர்ப்பதில்லை. 'முந்திரிக்கொட்டை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில்கூட 'பிஞ்சிலே பழுத்தது' என்று ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். அது ஜன்னல் வழியே அவன் காதில் விழுந்துவிட்டது.

என் பங்குக்கு நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். வேலையை முதலில் முடித்துவிடுகிறானே என்று, மற்றவர்களின் கணக்கு நோட்டுகளைத் திருத்தும் பொறுப்பைக் கடந்த ஆறு மாதமாக அவனிடம் கொடுத்து வந்தேன். தலைமையாசிரியர் அடுத்த ஆண்டு, நான்காம் வகுப்பில் எழுதும் எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு அவனை இப்போதே தயார்ப்படுத்தச் சொல்கிறார். அவன் தாயோ, "இவ்வளவு அறிவு இருக்கிற பிள்ளை எதற்கு டீச்சர் இப்படி அழுகிறது?" என்று கேட்கிறார். அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வது? வகுப்பிலும், மதிய இடைவேளையிலும், வீட்டிலும் இவனுக்கு எது நல்லது? இத்தகைய பிள்ளைகளுடன் பழகியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவிகுளம் வட்டம்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நோட்டுத் திருத்தும் வேலையை நாளையே நிறுத்திவிடுங்கள். நானும் பல ஆண்டுகள் அதைச் செய்தவன்தான். அது அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதை என்று நாம் நினைக்கிறோம்; அவனுடைய தோழர்களின் கண்ணுக்கோ அவன் சிவப்பு மை பிடித்த இன்னொரு ஆசிரியராகத் தெரிகிறான். தன் தவறுக்கு வட்டமிட்டவனோடு எந்தப் பிள்ளை கோலி ஆட விரும்பும்? அவன் பக்கமும் கெடுகிறது. நாள் முழுவதும் பிறர் தவறுகளையே தேடும் பிள்ளைக்குத் தன் தவறு ஒன்று மலையாகத் தெரியத்தான் செய்யும். தாள் ஓட்டையானதற்கும் அந்தத் திருத்தும் வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உணர்வு சம்பந்தமாக நான் கற்றுக்கொண்டது ஒரு மாணவியிடமிருந்து. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேரை இழந்தோம். எங்கள் தோட்டம் அங்கிருந்து தொலைவுதான் என்றாலும், உறவுக்காரர் இல்லாத வீடு எங்கள் லயங்களில் இல்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளிகள் திறந்தபோது அந்தச் சிறுமி நான்காம் வகுப்பு. மற்றப் பிள்ளைகள் சில நாள் பேசிவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஒரு நோட்டில் எங்கள் லயத்தின் படத்தை வரைந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலிருந்தும் மேட்டுப் பாதைக்கு எத்தனை எட்டு என்று எண்ணி எழுதியிருந்தாள். ஓட முடியாத பாட்டிமார் இருக்கும் வீடுகளுக்குத் தனியாக ஒரு குறி. மழை பெய்யும் இரவுகளில் தூங்குவதில்லை என்று அவள் தந்தை சொன்னார்.

ஒருநாள் என்னிடம், "மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் போனால் அது மண்ணாக நிற்காது சார்?" என்று கேட்டாள். நான் முதலில், "அதையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ படி" என்று சொன்னேன். சாதாரணமாகப் பிள்ளைகளைத் தேற்றும் சொல்தான் அது. ஆனால் அவளைத் தேற்றவில்லை, ஏனென்றால் பெரியவர்களால் அந்த இரவைத் தடுக்க முடியவில்லை என்பதை அவள் ஏற்கெனவே அறிந்திருந்தாள். அறிவு முந்திச் செல்லும் பிள்ளைகளின் பயம் கற்பனைப் பேயைப் பற்றியதாக இருப்பதில்லை. உண்மையான ஒன்றைப் பார்த்துவிட்டு, அதைத் தாங்கும் வயது வராமல் நிற்கிறார்கள். அவர்களிடம் 'பயப்படாதே' என்று சொல்வதைவிட, 'நீ பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, இதில் நமக்குத் தெரிந்தது இது, நம்மால் செய்யக்கூடியது இது' என்று சொல்வதே உதவுகிறது.

பக்கம் நேராக இருக்கும் ஒரு கண்ணாடிப் புட்டி, அதே வாயளவுள்ள ஒரு புனல், ஓர் அளவுகோல். இவற்றைக் கொண்டு மழைமானி செய்து, பள்ளி முற்றத்தில் திறந்த இடத்தில் வைத்தோம். வானிலைத் துறையினர் அளக்கும் நேரமாகிய காலை 8.30 மணிக்கே அவளும் அளந்தாள். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை என்ற வகைப்பாட்டை நோட்டின் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எந்த அளவுக்கு மேல் போனால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதை அவள் தந்தையையும் வைத்துக்கொண்டு பேசினோம். சிறு மழைக்கெல்லாம் விழித்துக் கிடந்தவள், பெரும்பாலான இரவுகளின் மழை முப்பது மில்லிமீட்டரைக்கூடத் தொடுவதில்லை என்பதைத் தன் கையெழுத்திலேயே பார்த்த பிறகு, மெல்லத் தூங்கத் தொடங்கினாள்.

நான் எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது. அளவுகோலைப் பிடிக்க ஒரு பையன் வந்தான். புட்டியைக் கழுவ இன்னொருத்தி வந்தாள். 'எல்லோரோடும் சேர்ந்து விளையாடு' என்று நான் இரண்டு ஆண்டுகள் சொல்லியும் கிடைக்காத தோழமை, ஆளுக்கொரு கை தேவைப்பட்ட ஒரு வேலையால் கிடைத்தது. உங்கள் மாணவனுக்கும் அப்படி ஒரு வேலையைத் தேடுங்கள். அவன் தலைமை தாங்குவதற்காக அல்ல, அவனால் தனியாகச் செய்ய முடியாது என்பதற்காக.

வகுப்பு நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயிற்சியில் பத்துக் கணக்கு இருந்தால், கடினமான நான்கை முதலில் செய்யச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் மீதி ஆறு வேண்டாம். முடித்த பிள்ளைக்கு அதே போன்ற இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனைதான். மிச்சமாகும் நேரம் அவனுடையதாக இருக்கட்டும்.

ஊர் நூலகத்தையும் மறந்துவிடாதீர்கள். பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய நூலக இயக்கத்தின் பயனாக, கேரளத்தில் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் ஒரு நூலகமும் அதில் பிள்ளைகளுக்கான பாலவேதியும் இருக்கிறது. அங்கே வகுப்புப் பிரிவு கிடையாது. எட்டு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே பாயில் உட்காரும். இத்தகைய பிள்ளைக்கு முதல் நண்பன் தன் வகுப்பில் கிடைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பதில் 2: நகரியிலிருந்து ஒரு தாய்

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஆந்திரப் பக்கம், நகரிக்கு அருகே இருக்கிறோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம். என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு.

எல்லையில் இருக்கும் குடும்பங்களில், அறிவுள்ள பிள்ளைக்கு யாரும் பெயர் வைக்காத ஒரு வேலை வந்து சேர்கிறது. எனக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. என் மாமனாருக்குத் தமிழ் மட்டும்தான். ஏழு வயதிலிருந்தே வங்கிச் செலானும், ரேஷன் கார்டு விண்ணப்பமும், மின்கட்டண ரசீதும் என் மகள்தான் படித்துச் சொல்லுவாள். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வந்த உறவினர் முன்னால் நிறுத்தி, "தாத்தாவுக்கு அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டு" என்று சொல்லுவோம்.

சென்ற ஆண்டு மாமனாரை எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவள் அதைப் படித்துவிட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று தாத்தா கேட்டபோது, "எல்லாம் சரியாக இருக்கிறது என்று போட்டிருக்கிறது தாத்தா" என்று சொன்னாள். சரியாக இல்லை என்பது அரை மணி நேரம் கழித்து எங்களுக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அன்று ஊருக்குத் திரும்பும் பேருந்தில் தாத்தாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், யார் காகிதத்தை நீட்டினாலும் தனக்குப் படிக்க வரவில்லை என்றாள்.

ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் நாங்கள் எதை ஏற்றியிருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. படிக்கத் தெரிந்ததாலேயே, படித்ததைத் தாங்கவும் தெரியும் என்று நினைத்துவிட்டோம். இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பணம், நோய், வழக்கு சம்பந்தமான காகிதங்களை அவள் படிக்க வேண்டியதில்லை; பக்கத்துத் தெருவில் கல்லூரி போகும் தம்பியிடம் கேட்டுக்கொள்கிறோம். நானும் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொள்கிறேன். எனக்கு ஆசிரியை அவள்தான். நான் 'க'வையும் 'த'வையும் மாற்றிப் படித்தால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அம்மா தப்புப் பண்ணினாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதையும் தினமும் பார்க்கிறாள்.

அந்தப் பிள்ளையின் தாய் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. அறிவு முந்திப் போயிருக்கிறது, அழுகை தன் வயதிலேயே இருக்கிறது. இரண்டும் அதே பிள்ளையுடையவைதாம். அழும்போது 'இவ்வளவு படித்த நீ அழலாமா' என்று மட்டும் கேட்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் மகள் அழுகையை நிறுத்தினாள், என்னிடம் பேசுவதையும் நிறுத்தினாள்.

பதில் 3: குழந்தைகள் மனநல ஆலோசகர், பாலக்காடு

மேலே இருவரும் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். சில செய்திகளைச் சேர்க்கவும், ஓரிடத்தில் எச்சரிக்கவும் விரும்புகிறேன்.

முதலில் எச்சரிக்கை. மீத்திறன் உள்ள பிள்ளைகள் எல்லோரும் மனத்தளவில் நொய்ந்தவர்கள் என்ற எண்ணத்தைப் பெற்றோரிடம் விதைத்துவிடக் கூடாது. லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் 1921இல் கலிபோர்னியாவில் தொடங்கி, நுண்ணறிவு மிகுந்த ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அறிவு மிகுந்த பிள்ளை நோஞ்சானாகவும் யாரோடும் ஒட்டாததாகவும் இருக்கும் என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டதை அவருடைய ஆய்வு மறுத்தது. ஆயினும் அந்த ஆய்வுக்கு ஒரு குறை உண்டு. பிள்ளைகளைப் பெரும்பாலும் ஆசிரியர்களின் பரிந்துரை வழியாகவே தேர்ந்தெடுத்ததால், வசதியுள்ள வெள்ளையர் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம் இடம்பெற்றார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் சிறுவயதில் சோதிக்கப்பட்டும் சேர்க்கப்படவில்லை. கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளிடையே இத்தகைய ஒருவனை அடையாளம் கண்டிருக்கிறீர்கள். அதுவே பெரிய காரியம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

டெர்மன் பார்த்ததன் மறுபக்கத்தை லீட்டா ஹாலிங்வொர்த் பார்த்தார். நியூயார்க்கில் மிக உயர்ந்த நுண்ணறிவுள்ள பிள்ளைகளோடு நேரடியாகப் பழகியவர். ஓரளவு முந்தியிருக்கும் பிள்ளைகள் வகுப்போடு நன்றாகவே பொருந்திப் போகிறார்கள், மிகவும் முந்திவிட்டவர்களே தனிமைப்படுகிறார்கள் என்பது அவர் கண்டது. வளர்ந்தவரின் அறிவும் குழந்தையின் உணர்ச்சியும் ஒரே சிறிய உடம்பில் இருப்பதால் வரும் சங்கடம் என்று அவர் விளக்கியதைத்தான், நகரிச் சகோதரி தன் சொந்தச் சொற்களில் எழுதியிருக்கிறார்.

கோலி ஆட்டத்துச் சிக்கலுக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர் மிராக்கா கிராஸ் எழுதியது உதவும். பிள்ளைகள் நட்பிலிருந்து எதிர்பார்ப்பது படிப்படியாக மாறுகிறது. முதலில் விளையாட ஓர் ஆள் வேண்டும். பிறகு பேச ஓர் ஆள். பிறகு தேவைப்படும்போது உதவும் ஆள். பிறகு மனம்விட்டுப் பேச ஓர் ஆள். கடைசியில் எது வந்தாலும் தன்னைக் கைவிடாத ஓர் ஆள். மீத்திறன் பிள்ளைகள் இந்தப் படிகளைத் தங்கள் வயதுக்கு முன்பே ஏறிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் விளையாட ஆள் தேடுகிறார்கள். அவன் பெரும்பாலும் தன்னைக் கைவிடாத ஆளைத் தேடுகிறான். விதிகள் நியாயமாக இருக்க வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடிப்பதற்குக்கூட அது ஒரு காரணமாக இருக்கலாம். யாரும் கெட்டவர்கள் அல்லர். ஆகவே அவனைக் கண்டிக்கவும் வேண்டாம், மற்றவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். வயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் மூத்த, அவனைப் போலவே ஏதோ ஒன்றில் ஆழ்ந்திருக்கும் ஒரு பிள்ளை போதும். ஒரே ஒரு நண்பன் கிடைத்த பிறகு வகுப்போடும் இளகிப் பழகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாளைத் தேய்த்துக் கிழித்ததைப் பற்றி. 1998இல் கிளாடியா மியூலரும் கரோல் டிவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகள் பரவலாக அறியப்பட்டவை. புதிர்களைத் தீர்த்த பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம் 'நீ அறிவாளி' என்றும், இன்னொரு பகுதியினரிடம் 'நீ நன்றாக உழைத்தாய்' என்றும் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் கடினமான புதிர்கள் தரப்பட்டன, எல்லோரும் தடுமாறினார்கள். மீண்டும் எளிய புதிர்களைக் கொடுத்தபோது, அறிவாளி என்று பாராட்டப்பட்டவர்கள் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றொரு பள்ளிப் பிள்ளைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, கூட்டிச் சொன்னவர்களும் அந்தக் குழுவிலேயே அதிகம். 'அந்தப் பக்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா' என்று உங்கள் மாணவன் கேட்டதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. தவறு என்பது ஓர் எழுத்தில் நேர்ந்ததாக அவனுக்குத் தெரியவில்லை. தான் யார் என்பதையே அது பறித்துவிடும் என்று பயப்படுகிறான். 'அறிவாளிப் பிள்ளை' என்ற சொல்லைச் சில மாதங்களுக்குப் பள்ளியில் யாரும் அவனிடம் சொல்லாமல் இருந்தால் நல்லது. மாறாக, அவன் செய்ததைப் பார்த்துச் சொல்லுங்கள்: 'முதல் வழி சரிவரவில்லை என்றதும் வேறு வழி பார்த்தாயே.' அப்படிச் சொல்வதற்கு, முதல் வழி சரிவராத வேலை அவனுக்கு வேண்டும். இதுவரை அவனுக்குத் தோற்றுப் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. எளிதில் வெல்ல முடியாத, தோற்றாலும் யாருக்கும் மதிப்பெண் போகாத ஓர் ஆட்டத்தை அவனுக்குக் கற்றுக்கொடுங்கள்.

நுண்ணறிவுச் சோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் யாராவது உங்களிடம் கேட்பார்கள். இப்போதைக்கு அது அவசரமில்லை. செய்வதாக இருந்தால் தமிழில் செய்யக்கூடியவரிடமோ, ரேவன் அணிச் சோதனை போன்ற சொற்கள் தேவைப்படாத ஒன்றிலோதான் செய்ய வேண்டும். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலச் சொற்களால் அளந்தால் அவன் மொழியறிவைத்தான் அளந்திருப்போம். எண்ணைக் கேட்டவுடன் ஊரும் உறவும் அதைப் பற்றிக்கொள்ளும் என்பதும் ஒரு கவலை. எனினும் சாப்பிடாமல் இருப்பது பல நாள் தொடர்ந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, 'நான் இல்லாமல் போனால் நல்லது' என்பது போன்ற பேச்சு வந்தாலோ தாமதிக்காமல் உளவியலாளரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தலைமையாசிரியரிடம் பேசும்போது ஒன்றைச் சொல்லலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே, தனி ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு வகுப்பு எல்லைக்கு அப்பால் ஆர்வக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்கிறது. எல்.எஸ்.எஸ். தேர்வை அவன் எழுதட்டும். ஆனால் ஓராண்டு முழுவதும் அதற்கே பயிற்சி கொடுத்தால், ஏற்கெனவே தெரிந்ததைத் தவறில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதையே அவனுக்குப் பழக்குவோம். அவனுடைய நோயே அதுதான்.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: ஐந்து வாரங்களுக்குப் பின்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதச் சொல்லிச் சிலர் கேட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

நோட்டுத் திருத்தும் வேலையை மறுநாளே நிறுத்தினேன். அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அவனிடம் நேராக, "அந்த வேலை என்னுடையது. அதை உன்னிடம் கொடுத்தது என் தவறு" என்று சொன்னேன். டீச்சருக்குத் தவறு நேரும் என்பதை அவன் நெடுநேரம் யோசித்ததுபோல் இருந்தது. வகுப்பறை மூலையில் அவனுக்கென்று ஒரு புத்தக இடம் அமைத்தேன். அது பலிக்கவில்லை, தன்னை ஒதுக்கி வைத்ததாகவே நினைத்தான். எடுத்துவிட்டேன்.

சொல்வதெழுதலுக்கு ரப்பர் வேண்டாம் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிட்டேன். தவறினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுத வேண்டும். கரும்பலகையில் நானும் அப்படியே செய்கிறேன். முதல் வாரம் அவன் நோட்டில் கோடே இல்லை. சந்தேகமான சொற்களை எழுதாமல் விட்டிருந்தான். சென்ற புதன்கிழமை ஒரு பக்கத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை, மற்றவர்களுக்குப் போடுவதுபோல் கையொப்பம் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

தோற்றுப் பழகும் ஆட்டமாக ஆடுபுலி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பள்ளித் திண்ணையில் எப்போதோ யாரோ கீறிவைத்த கட்டம் இருக்கிறது. நான்காம் வகுப்பில் ஒரு பெண், தன் பாட்டியிடம் கற்றவள், மூன்று புலிகளையும் பதினைந்து ஆடுகளால் கட்டிப்போடுவதில் கெட்டிக்காரி. முதல் நாள் இவன் புலியாக ஆடித் தோற்று, கற்களையெல்லாம் கையால் வாரித் தள்ளிவிட்டு அழுதான். அவள் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் கற்களைப் பொறுக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு கல் குறைகிறது, தேடு" என்றாள். இருவரும் தேடினார்கள். மூன்றாவது வாரம் அவன் வீட்டிலிருந்து ஒரு காகிதத்தில் கட்டம் வரைந்து, ஆடுகளை எந்த வரிசையில் இறக்கினால் புலி சிக்கும் என்று எழுதிக்கொண்டு வந்தான். அன்றும் தோற்றான். "நாளைக்கும் வருவாயா அக்கா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அவன் தாயைச் சந்தித்தேன். நகரிச் சகோதரி எழுதியதைப் படித்துக் காட்டியபோது அவர் அழுதுவிட்டார். கடைப் பற்றுக் கணக்கை அவன்தான் மாதாமாதம் கூட்டிச் சொல்கிறானாம்; கடன் எவ்வளவு நிற்கிறது என்பது அந்த வீட்டில் அவனுக்குத்தான் சரியாகத் தெரிகிறதாம். இனி அதைத் தன் தம்பியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். கழித்தல் பாடத்தில் அவன் சொன்ன பதிலை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

கோலி ஆட்டத்தில் அவனை இன்னும் சேர்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வரும் சனிக்கிழமை அவனையும் அந்த நான்காம் வகுப்புப் பெண்ணையும், அவர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டு, எங்கள் ஊர் நூலகத்துப் பாலவேதிக்கு அழைத்துப் போகிறேன். தலைமையாசிரியர் எல்.எஸ்.எஸ். பயிற்சியை ஜனவரிக்குத் தள்ளிவைக்கச் சம்மதித்திருக்கிறார். நூலகத்தில் எப்படி இருந்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.